இலவச சிகிச்சை, ஒப்பந்தக் கூலி: மருத்துவமனையில் யார் பொறுப்பு?

அரசு மருத்துவமனையில் தவறான சிகிச்சையால் ஓர் உயிர் போனால் அடுத்து நடப்பவை எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. உறவினர்கள் உடலை வாங்க மறுக்கிறார்கள். சாலை மறியல் நடக்கிறது. வட்டாட்சியரும் காவல் துணைக் கண்காணிப்பாளரும் வந்து பேச்சு நடத்துகிறார்கள். விசாரணைக் குழு அமைக்கப்படும் என்ற உறுதிமொழியின் பேரில் மாலைக்குள் உடல் பெறப்பட்டுவிடுகிறது. அந்தக் குழு என்ன கண்டறிந்தது என்பதை அதன்பின் எவரும் சொல்வதில்லை. மறியலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது இல்லாவிட்டால் வட்டாட்சியர்கூட வரமாட்டார். ஆனால், சட்டம் தரும் காலக்கெடுவோ இறப்பு நிகழ்ந்த நாளிலிருந்தே கரையத் தொடங்கிவிடுகிறது. துக்கமும் அலைச்சலும் தணிந்து வழக்குரைஞரைத் தேடிப் போகும்போது, பல குடும்பங்களிடம் ஓபி சீட்டைத் தவிர வேறெந்த ஆவணமும் இருப்பதில்லை.

மருத்துவமனைக்கும் நமக்குமான உறவு இருவகைப்பட்டது. கட்டணம் கட்ட வழியின்றி இலவசப் பிரிவில் படுத்திருப்பவர்களில் நம் மக்கள் இருக்கிறார்கள். அதே பிரிவில் ரத்தமும் சீழும் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களிலும் நம் மக்களே பெரும்பான்மையாக இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட நோயாளி கேள்வி எழுப்பினால், "இலவசமாகத்தானே பார்த்தோம்" என்கிறது நிர்வாகம். பாதிக்கப்பட்ட தொழிலாளி கேள்வி எழுப்பினால், "நீ எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்ததாரரைக் கேள்" என்கிறது. இரண்டும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பதில்கள். சட்டம் இவ்விரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கட்டணம் செலுத்தாதவரும் நுகர்வோரா?

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் முடிவு செய்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை அச்சட்டத்திற்குள் வராது. பதிவுக்காகப் பெயரளவில் வாங்கும் சிறு தொகை இந்நிலையை மாற்றாது. தீர்ப்பின் இந்தப் பகுதி மட்டுமே பரவலாக அறியப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனை என்றாலே நுகர்வோர் ஆணையத்திற்குப் போக முடியாது என்று வழக்குரைஞர்கள் சிலரும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

தீர்ப்பின் மறுபகுதி நமக்கு முக்கியமானது. ஒரு மருத்துவமனை சிலரிடம் கட்டணம் பெற்றும் வேறு சிலருக்கு இலவசமாகவும் சிகிச்சை அளிக்குமானால், அங்கு இலவசமாகச் சிகிச்சை பெறுபவரும் நுகர்வோரே. இது தனியார் மருத்துவமனைக்கு மட்டுமல்ல, அரசு மருத்துவமனைக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே, ஓர் அரசு மருத்துவமனையில் கட்டணப் படுக்கைப் பிரிவு இருக்கிறதா, ஏதேனும் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ உண்மையான கட்டணம் வாங்கப்படுகிறதா என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டாலே இது தெரிந்துவிடும். காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்கும் சிகிச்சையும் சேவையே என்று அதே தீர்ப்பு சொல்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையின்பேரில் சிகிச்சை பெற்றவர் இந்த வாதத்தை முன்வைக்க இடமுண்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவை" என்பதற்கான விளக்கத்தில் மருத்துவம் என்ற சொல் இடம்பெறவில்லை என்பதால் மருத்துவர்கள் விலகிவிட்டார்கள் என்று ஒரு வாதம் கிளம்பியது. நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2024 மே மாதத்தில், வழக்குரைஞர்கள் நுகர்வோர் சட்டத்திற்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, 1995 தீர்ப்பையும் மறுஆய்வு செய்யலாம் என்று கருத்து தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு அதற்குத் தேவை எழவில்லை என்று முடித்துவைத்தது. 1995 தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் வழக்கை நம் மாணவர்கள் படிக்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய விழித்திரை நோய்க்கான பரிசோதனையை மருத்துவர்கள் செய்யவில்லை. அது குறித்துப் பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் அதை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தி, ஊழியர்களின் அலட்சியத்திற்கு மாநில அரசே பொறுப்பு என்றது. நுகர்வோர் ஆணையத்தின் வழியாக ஓர் அரசு மருத்துவமனை மீது நிலைநாட்டப்பட்ட பொறுப்பு இது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆணையத்தில் வழக்கிடுவதற்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்கக் கூடாது. சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. செலுத்திய தொகை 50 லட்சம்வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். இங்கே கணக்கிடப்படுவது கேட்கும் இழப்பீட்டுத் தொகை அல்ல. மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட 2019 சட்டம் இடமளிக்கிறது. வழக்குரைஞர் இன்றி நேரில் வாதிடவும் முடியும்.

முற்றிலும் இலவசம் என்றால்

ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற, எவரிடமும் கட்டணம் பெறாத இடங்களில் நிகழும் அலட்சியத்திற்கு நுகர்வோர் ஆணையம் உதவாது. அதனால் உரிமையே இல்லை என்றாகிவிடாது.

1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பின. கடைசியில் அவர் கடன்பட்டுத் தனியார் மருத்துவமனையில் பிழைத்தார். அவருடைய சங்கமான பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி உச்ச நீதிமன்றத்திற்குப் போனது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி அரசு தப்ப முடியாது என்றும் 1996இல் நீதிமன்றம் கூறியது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால், ஒரு தொழிலாளர் சங்கம் பெற்றுத்தந்த அந்த நெறிமுறை இன்று ஒவ்வொரு ரிட் மனுவிலும் எடுத்தாளப்படுகிறது. அதற்கு முன்பே, 1989இல் பர்மானந்த் கடாரா வழக்கில், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களின் கடமை என்று கூறப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் இவ்வழி எப்படிப் பயன்பட்டது என்பதற்குச் சாத்தூர் ஓர் எடுத்துக்காட்டு. 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு ஆணையிட்டது. நுகர்வோரா, கட்டணம் செலுத்தினாரா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

ரிட் மனுவுக்கு ஒரு வரம்பு உண்டு. தவறு ஆவணங்களிலிருந்தே தெளிவாகத் தெரிந்தால்தான் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கும். சாட்சிகளை விசாரிக்க வேண்டிய சர்ச்சை என்றால் உரிமையியல் நீதிமன்றத்திற்குப் போகச் சொல்லிவிடும். அங்கு அரசுமீது வழக்கிட இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். காலக்கெடு மூன்று ஆண்டுகள்; இறந்தவருக்காக அவர் குடும்பத்தினர் இழப்பீடு கோரினால் இரண்டே ஆண்டுகள். அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் கருத்தடை அறுவையின்போது வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டதால் ஒரு பெண் இறந்தார். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1996இல். தொகை 36,000 ரூபாய். வறியவர்களுக்கு இந்நாட்டின் உரிமையியல் நீதி எந்த வேகத்தில் வருகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும், மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைச் செயல் என்று சொல்லி அரசு ஒதுங்க முடியாது என்பதை நிலைநிறுத்தியது அந்த வழக்குதான்.

அலட்சியமும் தீண்டாமையும்

தவறான சிகிச்சை பட்டியல் சாதியினர் ஒருவருக்கு நேர்ந்துவிட்டது என்பதால் மட்டும் அது வன்கொடுமைக் குற்றமாகிவிடாது. இதைத் தெளிவாகச் சொல்வது அவசியம். ஆதாரமற்ற பிரிவுகளைச் சேர்த்தால் மொத்த வழக்கும் பலவீனமடைகிறது. ஆனால் சேரிப் பெயரைக் கேட்டதும் வெளியே நிறுத்துவது, தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுவது, சாதியைச் சொல்லி ஏசுவது, பிரசவ அறையில் கடைசிக்குத் தள்ளுவது ஆகியவை வேறு வகை.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இன்று எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் 5ஆவது பிரிவு தீண்டாமையின் அடிப்படையில் மருத்துவமனையில் அனுமதிக்க மறுப்பதை மட்டுமன்றி, அனுமதித்த பிறகு வேறுபடுத்தி நடத்துவதையும் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறையும் அபராதமும். சிறிய தண்டனைதான். ஆனால் 12ஆவது பிரிவு இதனோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது. இச்சட்டத்தின்கீழ் குற்றமாகும் செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாகச் செய்யப்பட்டிருந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பைச் சேர்ந்தது. மருத்துவரின் உள்நோக்கத்தை நாம் எப்படி நிரூபிப்பது என்று தயங்குபவர்களுக்கு இந்த அனுமானம் பெரிய துணை.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் நுழைவதைத் தடுப்பதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. முதல் தகவல் அறிக்கைக்கு முன் ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 2018இல் சேர்க்கப்பட்ட 18-அ பிரிவு. "மருத்துவர்மீது உடனே வழக்குப் போட முடியாது" என்று காவல் நிலையத்தில் சொல்வார்கள். அது சிகிச்சைத் தவறு குறித்த புகாருக்குப் பொருந்தும் நெறி. நுழைவு மறுப்பு, சாதி இழிவு குறித்த புகாருக்குப் பொருந்தாது. ஆகவே, இரண்டையும் ஒரே புகாரில் குழப்பாமல் தனித்தனியாக எழுதித் தருவது நல்லது. காவல் நிலையம் மறுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யலாம். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திற்கு அதிகாரிகளை அழைத்து விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் உண்டு. மருத்துவமனை நிர்வாகங்கள் அதன் அறிவிக்கைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆவணமே வழக்கு

மருத்துவர்மீதான குற்ற வழக்கு எளிதில் நிற்பதில்லை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரண கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு என்றும், அத்துறையைச் சேர்ந்த வேறொரு மருத்துவரின், கூடியவரை அரசு மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே காவல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. மருத்துவரைப் பற்றி மருத்துவரே கருத்துச் சொல்லும் இந்த ஏற்பாட்டில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் இதுவே இன்றைய சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, அலட்சியத்தால் உயிரிழப்பு நிகழ்த்தும் மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை என்றும், பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டுவரை என்றும் வகுத்திருக்கிறது. இழப்பீட்டு வழக்குக்கு இவ்வளவு கடுமையான அளவுகோல் இல்லை. வயிற்றில் துணியை விட்டுத் தைப்பது போன்ற வெளிப்படையான தவறுகளுக்கு நிபுணர் கருத்துகூடத் தேவையில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

எந்த வழியில் போனாலும் கேஸ் ஷீட் கையில் இருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கேட்பதை எழுத்து மூலம் கேட்டு, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். பதிவேடுகளை மூன்று ஆண்டுகள்தாம் பாதுகாக்க வேண்டும் என்பதால் தாமதம் ஆபத்து. இறப்பில் ஐயமிருந்தால் அடக்கம் செய்வதற்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் தந்து உடற்கூராய்வு கோர வேண்டும். மறியல் செய்யும் தோழர்கள் பேச்சுவார்த்தையின் முதல் கோரிக்கையாக நிவாரணத் தொகையை வைக்காமல், கேஸ் ஷீட் நகலை வைத்தால் பிற்பாடு பெரும் பயன் விளையும்.

ஒப்புதல் படிவத்தையும் கவனியுங்கள். எந்தச் சிகிச்சை, என்ன ஆபத்து, மாற்று என்ன என்று விளக்கிப் பெறப்படாத கையெழுத்து சட்டப்படி ஒப்புதல் ஆகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிரசவத்திற்கு வந்த பெண்களுக்குக் கேட்காமலேயே காப்பர்-டி பொருத்தப்படுகிறது என்ற புகார் நம் ஊர்களில் புதிதல்ல. வெற்றுப் படிவத்தில் வாங்கிய கைரேகை அதற்கு நியாயமாகாது.

நர்சிங் ஹோம்கள் பாக்கிப் பணத்திற்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பாக்கி என்பது வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டிய கடன். ஆளை அடைத்து வைப்பது சட்டவிரோத அடைப்பு என்ற குற்றம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயமும் இதையே சொல்கிறது.

இவற்றுக்கெல்லாம் வழக்குரைஞருக்குப் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள். சாதிச் சான்றிதழ் போதும், வருமானச் சான்றிதழ் தேவையில்லை. உதவி எண் 15100.

தூய்மைப் பணியாளரின் ஒப்பந்தம்

மருத்துவமனைத் தூய்மைப் பணி தனியார் நிறுவனங்களுக்கு விடப்பட்டிருக்கிறது. பல தொழிலாளர்களிடம் பணி ஆணையே இருப்பதில்லை. கையெழுத்திட்ட காகிதத்தின் நகலும் தரப்படுவதில்லை. துடைக்க வந்தவர் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார், சில இடங்களில் ஊசி, டிரிப் வேலையும் அவர் தலையில் விழுகிறது. தவறு நேர்ந்தால் அவரைப் பணிநீக்கம் செய்து "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று அறிவிக்கிறார்கள். இதனால் நோயாளிக்கான பொறுப்பு மருத்துவமனையை விட்டு அகலாது. தகுதியற்ற ஒருவர் குழந்தைக்குத் தவறான ஊசி போட்ட வழக்கில், அவரை அந்த வேலையில் விட்ட மருத்துவமனையே பொறுப்பு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீக்கப்பட்ட தொழிலாளியும் இறந்தவரின் குடும்பமும் எதிரெதிராக நிறுத்தப்படும்போது நம் இயக்கங்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான மருத்துவமனை தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதைத் தக்கவைத்திருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்துவிட்டு, கூட்டுதல், துடைத்தல், கழிவகற்றல் ஆகியவற்றைப் பொதுவாக மையப் பணி அல்லாதவை என்று பட்டியலிட்டிருக்கிறது. துப்புரவு இல்லாமல் எந்த அறுவை அரங்கு இயங்கும்? யார் அதைச் செய்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு வேலை மையமா விளிம்பா என்று தீர்மானிக்கப்படுவதாக நாம் கருதுகிறோம். இதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் இன்னும் வலுவாகப் பேசியாக வேண்டும்.

செவிலியர் படிப்பை முடித்துத் தனியார் மருத்துவமனைகளில் சேரும் நம் மாணவியரிடம் இரண்டு, மூன்று ஆண்டு பாண்டு எழுதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. எல்லா பாண்டும் செல்லாது என்று சொல்ல முடியாது. ஒரு பொதுத்துறை வங்கியின் பணிப் பிணையத்தை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆயினும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை முழுவதையும் அப்படியே வசூலிக்க முடியாது, நியாயமான இழப்பீட்டையே கேட்கலாம். வேலையை விட்ட பிறகு வேறு மருத்துவமனையில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 27ஆவது பிரிவின்படி செல்லாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதற்குப் பாண்டு உரிமை தராது.

ஊசி குத்திய தொழிலாளிக்கு வருவோம். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன்படி, கழிவைக் கையாளும் அனைவருக்கும் மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், பாதுகாப்புக் கருவிகள் தருவதும், பணியில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்வதும் கடமை. அக்கடமை ஒப்பந்ததாரருடையது அல்ல. விதிகள் அதை மருத்துவமனையை நடத்துபவர்மீதே சுமத்துகின்றன. மருத்துவமனைப் பணியில் தொற்றிய நோய் தொழில்சார் நோயாகவும் இழப்பீட்டுக்கு உரியதாகவும் கருதப்படும். ஊசி குத்தியவுடன் விபத்துப் பதிவேட்டில் பெயர், நேரம், பிரிவு ஆகியவற்றை எழுதச் செய்து அதன் நகலைப் பெற வேண்டும். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யக் கேட்க வேண்டும். பணியில் சேர்ந்தபோது போட்ட தடுப்பூசிக்கான அட்டையை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்; அட்டை தரப்படவில்லை என்றால் அதைக் கேட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதை அதே இடத்தில் வையுங்கள்.